சூடு சொரணை உள்ளவள்

அடுப்புக் கதவைத் திறந்ததும் இப்போதெல்லாம் அக்கா முதலில் கன்னத்தைத்தான் காட்டுவாள். கையை நீட்டுவதில்லை. யாரோ ரகசியம் சொல்லக் கூப்பிட்டதுபோல் கழுத்தைச் சாய்த்து, வலது கன்னத்தை அந்த வாய்க்கு நேராக ஒரு கணம் வைத்து எடுப்பாள். பிறகு ஒரு சிட்டிகை மாவை உள்ளே கல்தளத்தின்மேல் வீசுவாள். மாவு வெள்ளையாகவே கிடந்தால், "இன்னும் கோவம் வரல இதுக்கு" என்று கதவைச் சாத்திவிடுவாள். விழுந்த மாத்திரத்தில் கருகிப்போனால், "அம்மாடி, யாரும் கிட்ட போகாதீங்க. காலங்காத்தால யாரோ வம்பிழுத்திருக்காங்க" என்று ஒதுங்கி நிற்பாள். மாவு அவசரப்படாமல் பிஸ்கட் நிறத்துக்கு வந்தால் மட்டும் முழங்கைவரை நீண்ட உறையை இழுத்து மாட்டிக்கொண்டு முதல் தட்டைத் தூக்குவாள்.

அடுப்பின் நெற்றியில் சூடு காட்டும் முள் ஒன்று இருக்கிறது. நல்ல முள், பொய் சொல்வதில்லை. ஆனால் அக்காவுக்கு அதன்மேல் மரியாதை கிடையாது. "அது உள்ள இருக்கற காத்தோட சூட்டைச் சொல்லும். ரொட்டி உக்காரப் போறது கல்லுமேல. கல்லைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?" என்பாள்.

குள்ளம், அகலம், தலையில் முடி வெளியே தெரியாமல் இறுகக் கட்டிய வெள்ளைத் துணி. வலது புருவத்தில் பாதிதான் மிச்சம். மீதியை அடுப்பு எடுத்துக்கொண்டது. கடைக்குப் பின்னாலிருக்கும் அந்த நீளமான வேலைக்கூடத்தில் ஒரு சுவர் முழுக்க அடுப்பு, எதிர்ச்சுவரில் குளிர்பெட்டி, நடுவில் மாவு பிசையும் மேசை. அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே உள்ள இடத்தில் அவள் நடந்து நடந்து தரை வழுவழுவென்று ஆகியிருக்கிறது. மற்றவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

பொருள்களை அவள் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவாள், அதுவும் முதுகுக்குப் பின்னால் பேசுவதுபோல. "இரும்பு ஓட்டவாய். எது கெடைச்சாலும் வச்சுக்கத் தெரியாது. தொட்டவன் கையில அப்படியே கொட்டிடும். மரம் அழுத்தக்காரன், பக்கத்துல எரிஞ்சாலும் எனக்கென்னன்னு நிக்கும். கல்லுக்கு வன்மம் ஜாஸ்தி. காலையில ஏத்தினதைச் சாயங்காலம் வரைக்கும் மனசுல வச்சிருக்கும். காத்து சோம்பேறி. துணிக்குள்ள பூந்து படுத்துச்சுன்னா சூட்டை இந்தப் பக்கம் விடாது, அதனால அது நமக்கு வேண்டியவன். தண்ணி இருக்கே, அது கோள்மூட்டி. துணி காஞ்சிருக்கற வரைக்கும் பிரச்சனை இல்ல. கொஞ்சம் ஈரம் பட்டா போதும், தட்டுகிட்ட வாங்கினதை அடுத்த நிமிஷம் நம்ம கையில வந்து சொல்லிடும்."

ரொட்டியும் தட்டும் ஒரே அடுப்பிலிருந்து ஒன்றாகத்தான் வெளியே வருகின்றன. ரொட்டியை ஒரு நொடி கையில் ஏந்தலாம், தட்டை ஏந்த முடியாது. இதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் வேறு பெயர் வைத்துச் சொல்வார்கள். விஷயம் ஒன்றுதான், அக்கா வைத்த பெயர்களுக்குக் கொஞ்சம் வாய் நீளம்.

அவளுக்கென்று ஒரு வசவு உண்டு. "சூடு சொரணை இருக்கா உனக்கு?" இதை அவள் கேட்காத ஆளில்லை, கேட்காத பொருளுமில்லை. பொங்காமல் படுத்துக்கிடக்கும் மாவைக் கேட்பாள். தாமதமாக வரும் பால்காரரைக் கேட்பாள். பாதி ரொட்டியைத் தின்றுவிட்டு மீதியைக் கொண்டுவந்து "சரியா வேகலை" என்று நீட்டும் வாடிக்கையாளரைக் கேட்டு, சின்ன முதலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். கேக்குகளுக்கு மேலே பூவும் கொடியும் போடும் கேக் மாஸ்டரை அன்றாடம் கேட்பாள். அவன் அதைக் காலை வணக்கம் மாதிரி எடுத்துக்கொண்டு, "இருக்குக்கா, இருக்குக்கா" என்று பதில் சொல்லிவிட்டுக் கிரீமைக் கலக்கப் போய்விடுவான்.

அடுப்புக்கு அவளை யாரும் நியமிக்கவில்லை. தட்டு கழுவத்தான் வந்தாள். அப்போது அடுப்பு பார்த்தவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கடைக்குப் போய்விட்டார். பெரிய முதலாளி, அதாவது இப்போதிருக்கும் சின்ன முதலாளியின் அப்பா, தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அக்கா போய் அடுப்பின் முன்னால் நின்றாள். முதல் தட்டு கருகியது. இரண்டாவது வேகவில்லை. மூன்றாவதை விற்கலாம்போல் இருந்தது.

"உன்னை யாரு இங்க நிக்கச் சொன்னது?" என்றார் பெரிய முதலாளி.

"யாரும் நிக்க வேணாம்னு சொல்லலையே" என்றாள் அக்கா.

அன்றைக்கு நின்றவள்தான். பெரிய முதலாளி போய்ச் சேர்ந்தார், பள்ளிக்கூடப் பையோடு வந்து பன்னுக்குக் கை நீட்டிய பிள்ளை வளர்ந்து சின்ன முதலாளி ஆனார், விறகு அடுப்பு போய் எரிவாயு அடுப்பு வந்தது. அக்கா நின்ற இடம் மட்டும் மாறவில்லை.

அப்படிப்பட்டவளின் விரல்களுக்குத்தான் ஒரு நாள் சூடு உறைக்காமல் போனது.

அது ஒரே நாளில் நடந்ததல்ல, தெரிந்ததுதான் ஒரே நாளில். பன் தட்டை இறக்கி வைத்துவிட்டு எதையோ சுவாரசியமாகப் பேசிக்கொண்டிருந்தாள். கருகும் வாடை வந்தது. திரும்பி அடுப்பைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் கருகவில்லை. "அக்கா, கை!" என்று மாஸ்டர் கத்தினான். அவளுடைய இரண்டு விரல்கள் துணியைத் தாண்டி அந்தத் தட்டின் விளிம்பிலேயே இருந்தன. வாடை அவளுடையது. கையை மெதுவாக எடுத்து, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். "பழகின கைடா. உன்னை மாதிரி பஞ்சுக் கையா?" என்று சமாளித்தாள். ஆனால் அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனாள்.

சர்க்கரை நரம்புகளை மந்தமாக்கிவிட்டது என்றார் டாக்டர். விரல் நுனிகளில் போனது, பாதங்களிலும் போனது. போனது திரும்புவது கஷ்டம், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றார். "நான் அதைத் தின்னதைவிடத் தொட்டதுதான் அதிகம் டாக்டர். அதான் கோவிச்சுக்கிட்டுக் கையைப் பிடிச்சிருச்சு போல" என்றாள் அக்கா. டாக்டர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டுக்காரருக்கு ஒரு வேலை வந்தது. அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சாயங்காலம் அவள் வந்து உட்கார்ந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவள் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்து, உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் என்று ஒன்றுவிடாமல் பார்ப்பார். வண்டி எடுக்குமுன் டயரில் ஆணி குத்தியிருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண். பிறகு கையைத் திருப்பிப் பார்ப்பார்.

"நான் என்ன வண்டியா?" என்று எரிந்து விழுவாள்.

"வண்டின்னா பேசாம நிக்கும்" என்பார் அவர், பார்வையை எடுக்காமலே.

கடையில் மட்டும் விஷயம் தெரியக்கூடாது. தெரிந்தால் அடுப்பு போய்விடும். அது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது. அதனால் ஒரு நாடகம் தொடங்கினாள். சூடான தட்டு எது என்று தெரிந்துகொண்டு, விரல் நுனியால் அதை ஒரு தொடு தொட்டு, "ஸ்ஸ்ஸ்... ஆ!" என்று கையை உதறி, விரல்களை வாயருகே கொண்டுபோய் ஊதுவாள். பிறகுதான் துணியை எடுத்துத் தட்டைப் பிடிப்பாள். நடிப்பு கொஞ்சம் தூக்கல்தான். அத்தனை வருஷமாக அனலில் நின்றபோது ஒரு 'ச்' கூடக் கொட்டாதவள் இப்போது தட்டுக்குத் தட்டு துடிப்பதைப் பார்த்து மாஸ்டருக்கே ஆச்சரியம். "வயசாகுதுக்கா உங்களுக்கு" என்றான். அந்தப் பழியை அவள் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டாள்.

சூடு எது, ஆறியது எது என்று அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்றால், இடத்தை வைத்துத்தான். அடுப்புக்கு இடப்பக்கம் ஒரு தட்டடுக்கு, வலப்பக்கம் ஒரு தட்டடுக்கு. அடுப்பிலிருந்து இறங்குவது இடப்பக்கம். குளிர்பெட்டியிலிருந்து வருவது வலப்பக்கம். இதை அவள்தான் சட்டமாக வைத்திருந்தாள். மாற்றி வைத்தவர்களை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். எல்லோரும் அதை ஒழுங்கு என்று நினைத்தார்கள். அவளுக்கு அதுதான் விரல்.

அந்தச் சட்டம் தெரிந்தும் மறந்தவர் சின்ன முதலாளி. புதுக் குளிர்பெட்டி வந்த அன்று அதன் கதவு திறக்க இடம் போதவில்லை என்று, முதல் தட்டை இறக்கிவிட்டு அக்கா தேநீர் குடிக்கப் போன நேரத்தில் இரண்டு அடுக்குகளையும் உருட்டி இடம் மாற்றிவிட்டார். எந்த அடுக்கு எது என்று பார்த்தால் தெரியாது, இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை.

அக்கா திரும்பி வந்தாள். முந்தின நாள் மாஸ்டர் கேக்கில் எழுத்தை விட்டுவிட்டதற்காக அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டுகிற முகம் அவன் பக்கம், கை இடப்பக்கத்து அடுக்கின் பக்கம். விரல் நுனியால் தட்டின் விளிம்பைத் தொட்டாள். "ஸ்ஸ்ஸ்... ஆ!" உதறினாள், ஊதினாள், "என்ன சூடு, என்ன சூடு" என்று ஒரு வரி கூடுதலாகவும் சொன்னாள்.

தட்டின் விளிம்பில் பனி வெள்ளையாகப் பூத்திருந்தது.

முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. அக்கா வேடிக்கை காட்டுகிறாள் என்று நினைத்து மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தான். மாவு பிசைந்துகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டிருந்தால் தப்பியிருப்பாள். ஆனால் அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை, திருதிருவென்று விழித்தாள். அந்த முழியைப் பார்த்துத்தான் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

குளிர்பெட்டிப் பக்கம் நின்ற சின்ன முதலாளி மெதுவாகச் சொன்னார். "அக்கா, அந்தத் தட்டு ஐஸா இருக்கு."

கிட்டே வந்து அவள் கையைப் பிடித்துத் திருப்பினார். ஆறியதும் ஆறாததுமாக விரல்களில் சூட்டுக் காயங்கள். குட்டு உடைந்துபோனது. சூடு பட்டுத் துடிக்காததால் மாட்டியிருந்தால்கூட ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள். குளிர்ந்த தட்டுக்குத் துடித்து மாட்டிக்கொண்டதற்கு என்ன சொல்வது?

"நாளையிலேருந்து நீங்க முன்னாடி கவுன்ட்டர்ல உக்காருங்க" என்றார் அவர். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"எனக்கு உக்கார வராது."

"அக்கா, கையைப் பாருங்க. ஒரு நாள் ஏதாவது ஆயிடுச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? உங்களைச் சும்மா வச்சு சாப்பாடு போடக்கூட நான் தயார்."

"சும்மா வச்சு சாப்பாடு போட நான் என்ன பூனையா?" என்றாள் அக்கா. குரல் ஓங்கித்தான் வந்தது, ஆனால் அடியில் பலமில்லை.

மறுநாள் அவள் கவுன்ட்டர் பக்கம் போகும்போது மாஸ்டர் வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டான். கெட்டவனில்லை, வேடிக்கை என்று நினைத்துச் சொன்னான். "இனிமே யாரைப் பாத்துக்கா சூடு சொரணை இருக்கான்னு கேப்பீங்க?"

அக்கா நின்றாள். அவள் வாயிலிருந்து பதில் வரவில்லை. அவளை அறிந்தவர்கள் அது ஒன்றைத்தான் அன்றைக்குத் தாங்கமுடியாததாகச் சொன்னார்கள்.

வீட்டில் வீட்டுக்காரர் பாதத்தைப் பார்த்துக்கொண்டே ஆறுதல் சொல்லிப் பார்த்தார். "விடு. உக்காந்த எடத்துல வேலை வேணும்னு ஊர் ஒலகமே அலையுது. உனக்குத் தானா வந்திருக்கு."

"நீங்க வண்டியை விட்டு எறங்கின அன்னிக்கு எப்படி இருந்தீங்க?"

இறங்கின பிறகு பல நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால்கூட இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தவர் அவர். "எனக்கு வயசாச்சு, எறக்கினாங்க" என்றார். "உனக்கு இன்னும் ஆகலயே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு, அடுத்த பாதத்தை எடுத்து மடியில் வைத்தார்.

கவுன்ட்டரில் அக்காவைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு உயரமான நாற்காலியில் உட்கார வைத்தார்கள். காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். உள்ளே அடுப்பை மாஸ்டர் பார்த்தான். ரொட்டி நாசமாகப் போகும், தன்னைக் கூப்பிட ஓடி வருவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாளா என்று கேட்டால், ஆமாம், எதிர்பார்த்தாள். ஆனால் ரொட்டி நன்றாகத்தான் வந்தது. இரண்டு நாள் அடி கொஞ்சம் வெளுத்திருந்தது, பிறகு அதுவும் சரியாகிவிட்டது. அக்காவுக்கு வயிறு எரிந்தது. தான் இல்லாவிட்டால் ஆகாது என்ற பேச்சு இனி எடுபடாது. ஆகிறது, நன்றாகவே ஆகிறது. அப்படியானால் அடுப்பு தனக்கு வேண்டும் என்பதற்கு அவளிடம் மிச்சமிருந்தது ஒரே காரணம்தான். அவளுக்கு அது வேண்டும்.

கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்டு வைத்ததுபோல் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ரொட்டி சூடா இருக்கா?"

முதல் நாள் அவள் மழுப்பினாள். இரண்டாம் நாள், "உள்ள கேட்டுச் சொல்றேன்" என்றாள், அதைச் சொல்ல நாக்கு கூசியது. அடுத்த நாள் ஒரு அம்மாள் குடையை மடக்கிக்கொண்டே அதைக் கேட்டபோது, என்ன நினைத்தாளோ, காகிதப் பையோடு ரொட்டியைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தாள்.

சூடு வந்தது.

தயங்காமல், குறையாமல், பழைய காலத்தில் வந்ததுபோலவே வந்தது. காகிதத்தைத் தாண்டி, தோலுக்குள் இறங்கி, பல்வரைக்கும் போனது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். விரலிடம் சொல்லிக்கொள்ளாமல் ஓடிப்போனது இங்கேதான் வந்து ஒளிந்திருக்கிறதா என்று ஒரு நிமிடம் அந்த ரொட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது, திங்கற பொருளைக் கன்னத்துல வச்சுத் தேய்க்கறீங்க? எனக்கு வேற குடுங்க" என்றாள் அந்த அம்மாள்.

"அருமையான சூடும்மா. இதை நானே எடுத்துக்கறேன்" என்றாள் அக்கா. முகமெல்லாம் பல்.

அன்று மிச்ச நேரமெல்லாம் அவளுக்கு அதே வேலையாகப் போயிற்று. தேநீர்க் கோப்பை, சுவர், கண்ணாடிப் பெட்டி, கதவுக் கைப்பிடி என்று கைக்கு எட்டியதற்கெல்லாம் கன்னத்தைக் கொடுத்துப் பார்த்தாள். கன்னத்துக்குத் தெரிந்தது, முழங்கையின் உட்புறத்துக்குத் தெரிந்தது, கழுத்துக்குத் தெரிந்தது. விரல்களையும் பாதங்களையும் தவிர, உடம்பு அவளை விட்டு எங்கும் போகவில்லை.

அப்புறம் ஒரு காலை, உள்ளேயிருந்து அலறலும், தட்டு தரையில் விழுந்து உருளும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

அக்கா நாற்காலியிலிருந்து குதித்தாள். உள்ளே மாஸ்டர் வலது கையை மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டு சுருண்டு உட்கார்ந்திருந்தான். அவன் காலடியில் தட்டு, சிதறிய பன்கள், ஒரு துணி. துணியை அக்கா எடுத்துக் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். மேசை துடைத்த துணி, ஈரம். கோள்மூட்டி வேலையைக் காட்டிவிட்டது.

யாரோ ஐஸ் கொண்டுவந்தார்கள், இன்னொருவர் கேக்குக்கு வைத்த வெண்ணெயை எடுத்துத் தடவப் போனார். "எதையும் பூசாதீங்க!" என்று கத்தி, அவனை இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து கையை அடியில் பிடித்தாள். அவன் வலியில் கையை இழுத்தான். அவள் விடவில்லை.

"எரியுதுக்கா."

"எரியும். சூடு உள்ள பூந்திருக்கு. தண்ணி கோள்மூட்டிதான், ஆனா இப்ப நம்ம பக்கத்து ஆளு. உன் கையில இருக்கறதை வாங்கிட்டுப் போகட்டும், சும்மா வச்சிரு."

அவன் கண்ணில் தண்ணீர் தளும்பியது. அவ்வளவு பெரிய ஆள் அழுவதை யாரும் பார்க்காதபடி அவள் தன் அகலமான முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். அவன் மூச்சு சீராகும்வரை குழாயை மூடவில்லை.

சின்ன முதலாளி ஓடி வந்தார். மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பிவிட்டு, தரையில் கிடந்த பன்களையும், ஆள் இல்லாத அடுப்பையும் பார்த்தார். அக்கா அதற்காகக் காத்திருந்தவள்போல ஆரம்பித்தாள்.

"இவன் விரல்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு? சூடு தெரிஞ்சுதா இல்லயா? தெரிஞ்சு என்ன ஆச்சு? சூடு தெரியறப்போ அது உள்ள வந்தாச்சு. கையைக் காப்பாத்தறது வலி இல்ல, காஞ்ச துணி."

சின்ன முதலாளி முட்டாளில்லை. "வலிச்சதாலதான் தட்டைக் கீழ போட்டான், இந்த அளவோட போச்சு. நீங்களா இருந்தா போட்டிருக்க மாட்டீங்க. பிடிச்சுக்கிட்டே நின்னிருப்பீங்க" என்றார்.

அது உண்மை. அக்கா உண்மையைப் பார்த்தால் ஒதுங்குகிற ஆளில்லை, அதற்கு நேராகவே போய் நின்றாள்.

"ஆமா, நின்னிருப்பேன். சதை தீயற வாடை வர்ற வரைக்கும் நின்னிருப்பேன். அதனாலதான் சொல்றேன், உறை இல்லாம இனிமே நான் சூடான எதையும் தொடப் போறதில்ல. இத்தனை நாள் ஏன் தொட்டேன்? உங்ககிட்டேருந்து மறைக்கறதுக்குத் தொட்டேன். துடிக்கற மாதிரி நடிக்கணும்னா தொட்டாகணும் இல்ல? கையில இருக்கற தழும்பெல்லாம் அடுப்பு போட்டது இல்ல, பயம் போட்டது. இப்பதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே. மறைக்க ஒண்ணுமில்ல, தொடவும் வேணாம்."

சொட்டிக்கொண்டிருந்த குழாயை முதலாளி போய் இறுக மூடினார்.

"சரி" என்றார் சின்ன முதலாளி. "இவன் கை ஆறற வரைக்கும் நீங்க நில்லுங்க."

"கை ஆறினதும் நான் மறுபடி நாற்காலியில ஏறி உக்காரணுமா?" முதலாளியை அதுவரை 'நீங்க' என்றே பேசி வந்தவளுக்கு அந்த இடத்தில் மரியாதை நழுவியது. "இதோ பாரு. பையைத் தூக்கிட்டு வந்து இங்க பன் தின்ன புள்ள நீ. நின்னா நிக்கறேன், இல்லன்னா இப்பவே தலைத்துணியை அவுத்து வச்சிட்டு வீட்டுக்குப் போறேன். நடுவுல ஒண்ணு எனக்கு வேணாம். சொல்லு."

சின்ன முதலாளி அவளைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். மேசையருகே ஈரத்துணி சுற்றிய கையோடு உட்கார்ந்திருந்த மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "அக்காவே நிக்கட்டும் சார். எனக்குப் பூ போடத்தான் வரும்."

"முழங்கை வரைக்கும் உறை" என்றார் சின்ன முதலாளி. "சூடான தட்டுமேல காஞ்ச துணி ஒண்ணு போட்டு வைக்கணும், பாத்த உடனே தெரியற மாதிரி. அப்புறம் சாயங்காலம் கெளம்பறப்போ கையைக் காட்டிட்டுத்தான் போகணும்."

முதல் இரண்டுக்கும் தலையாட்டிய அக்கா மூன்றாவதற்கு நிமிர்ந்தாள். "எல்லாரும் காட்டணும். என் கையை மட்டும் பாக்கறதுன்னா நான் வரல. இந்தக் கூடத்துல எத்தனை கை இருக்கோ அத்தனையும். உங்களுதும்."

அப்படித்தான் அந்தக் கடையில் ஒரு வழக்கம் வந்தது. சாயங்காலம் ஆனதும் மாவு பிசைகிறவர்கள், மாஸ்டர், முதலாளி எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று கையை நீட்டுகிறார்கள். ஒருவர் கையை ஒருவர் திருப்பிப் பார்க்கிறார்கள். வீட்டுக்காரரிடம் கற்றுக்கொண்ட முறையில் விரலிடுக்குவரை பார்ப்பது அக்காதான். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அங்கே யாரும் சிரிப்பதில்லை.

இவையெல்லாம் பிறகு வந்தவை. அவள் திரும்பி வந்து நின்ற முதல் காலையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அன்று எல்லோரும் வேலை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டுப்போட்ட கையோடு மாஸ்டர் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து இடக்கையால் கிரீம் கிண்டிக்கொண்டிருந்தான். புதுக் குளிர்பெட்டியின் வாசலில் சின்ன முதலாளி. அக்கா தலைத்துணியை இறுக்கினாள். இரண்டு அடுக்குகளையும் உருட்டிப் பழைய இடத்தில் வைத்தாள். கதவு இடித்தால் இடிக்கட்டும் என்று முதலாளி வாயைத் திறக்கவில்லை. அடுப்புக் கதவைத் திறந்து, கைக்குப் பதில் கன்னத்தைக் காட்டினாள். மாவு வீசினாள், அது நிதானமாக நிறம் மாறியது.

எல்லோரும் மூச்சை விட்டார்கள். இனி உறையை மாட்டிக்கொண்டு தட்டைத் தூக்க வேண்டியதுதான் பாக்கி.

அவள் உறையை மாட்டவில்லை. வலப்பக்கத்து அடுக்குக்குப் போனாள். குளிர்பெட்டியிலிருந்து அப்போதுதான் வந்த தட்டு, விளிம்பெல்லாம் பனி. அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கூடத்தின் கடைசி மூலைக்கும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"சூடு சொரணை இருக்கா உனக்கு?"

பிறகு வெறும் விரலை நீட்டி அந்தப் பனியைத் தொட்டாள். "ஸ்ஸ்ஸ்... ஆ!" என்று கையை உதறினாள். விரல்களை வாயருகே கொண்டுபோய், மாஸ்டரின் கண்ணை நேராகப் பார்த்தபடி, ஒவ்வொரு விரலாக, நிதானமாக ஊதினாள்.